'கை' என்று நான் சொல்லவில்லை

என் அக்காவின் வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும் இன்றுவரை நிமிர்வதில்லை. அதற்குக் காரணம் நான். விரலை நசுக்கியது மட்டும் என்றால் சிறுபிள்ளை அவசரத்தில் செய்தது என்று விட்டுவிடலாம். நசுக்கிவிட்டுப் பொய் சொன்னேன். அந்தப் பொய்யைக் காப்பாற்ற மேலும் சில காரியங்கள் செய்தேன். மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

அப்போது உறுவையாறு கிராமத்தில் எங்களுக்குக் கரும்புக் கொல்லை இருந்தது. அறுவடைக் காலத்தில் மாமாவின் கொல்லையில் ஆலை ஓடும். மாடுகள் சுற்றிவர, இரும்பு உருளைகளுக்கு நடுவே ஓர் ஆள் கரும்பைக் கொடுத்துக்கொண்டே இருப்பார். நின்ற மாட்டை மறுபடி கிளப்பும் முன் ஓட்டுகிறவர் "கை!" என்று கத்த வேண்டும். கரும்பு கொடுப்பவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டி "மேல!" என்பார். அதற்குப் பிறகுதான் மாடு நகரும். மாமா ஆலையில் இதை மீறியவருக்கு மறுநாள் வேலை இல்லை. சூடாகக் குழம்பு ஊற்ற வரும்போது அத்தைகூட "கை" என்று சொல்லிவிட்டுத்தான் ஊற்றுவாள் என்று எங்கள் வீட்டில் கேலி செய்வார்கள்.

மாமாவிடம் ஒரு கூண்டு வண்டியும் இருந்தது. ஆடித் தேருக்கு வீராம்பட்டினம் கடற்கரைக்கு அதில்தான் போவோம். திரும்பும்போது பிள்ளைகள் தூங்கி விழுவார்கள் என்று மாமா அதில் ஓர் ஏற்பாடு செய்திருந்தார். உட்காரும் பலகையை முன்னால் இழுத்தால், முதுகு சாயும் பலகை இறங்கி வந்து அதனோடு சமமாகப் படுத்துக்கொள்ளும். உட்கார்ந்து போய்ப் படுத்துக்கொண்டு வரலாம். ஆலையின் சட்டத்தை மாமா இதற்கும் வைத்தார். இழுக்கிறவன் "கை" என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் கையைத் தூக்கிக் காட்டி "மேல" என்ற பிறகுதான் இழுக்க வேண்டும்.

அந்த வருடம் தேர் பார்த்துவிட்டு மத்தியான வெயிலில் திரும்பிக்கொண்டிருந்தோம். வண்டியின் பின் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால், சாலை நம்மை விட்டுப் போய்க்கொண்டே இருப்பதைப் பார்க்கலாம். அந்த இடத்துக்கு எனக்கும் அக்காவுக்கும் எப்போதும் சண்டை. அன்று அவள் முந்திக்கொண்டாள். படுக்கையை விரித்துவிட்டால் எல்லோரும் இடம் மாற வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டேன். அவளோ சிந்திய பொரியைப் பலகை இடுக்கிலிருந்து பொறுக்கிக்கொண்டிருந்தாள். "கை" என்று சொல்லியிருந்தால் "இரு" என்றிருப்பாள். அவள் "இரு" என்று சொல்லக் கூடாது என்பதற்காகவே நான் "கை" என்று சொல்லவில்லை. இழுத்தேன்.

மாமா மாட்டை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். விரலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கைன்னு சொன்னியாடா?"

"சொன்னேன் மாமா. அவதான் காதுலயே வாங்கல."

அக்கா சட்டென்று அழுகையை நிறுத்தினாள். என்னைப் பார்த்து, "சொன்னியா?" என்று கேட்டாள்.

"சொன்னேன்" என்றேன்.

அத்தை தன் முந்தானையைக் கிழித்துக் கட்டுப் போட்டாள்.

பொய் அந்த வண்டியோடு முடிந்துவிடும் என்றுதான் எண்ணினேன். அது வீட்டுக்கு எங்களோடு வந்தது. பிள்ளைக்குக் காது கேட்கவில்லையோ என்று அம்மா பயந்தாள். யாரோ சொன்னார்கள் என்று இரண்டு காதுகளிலும் எண்ணெயைக் காய்ச்சி ஊற்றிப் பஞ்சு வைத்து அடைத்தாள். பிறகு பின்னால் நின்று கூப்பிட்டுப் பார்த்தார்கள். எண்ணெய் ஊற்றி அடைத்த காதில் யாருக்குத்தான் கேட்கும்? அவள் திரும்பவில்லை. என் பொய்க்குச் சாட்சி கிடைத்துவிட்டது.

இதோடும் நான் நிறுத்தவில்லை. எண்ணெய் ஊற்றுவது நின்ற பிறகு அவள் நன்றாகத் திரும்பிப் பார்க்கத் தொடங்கினாள். எனக்குப் பயம் வந்தது. ஒருநாள் எல்லோரும் இருக்கும்போது அவள் முதுகுக்குப் பின்னால் நின்று வாயை மட்டும் அசைத்தேன். சத்தமே இல்லை. "பாத்தியாம்மா, நான் கூப்புட்டது அவளுக்குக் காதுல வுழல" என்றேன். அதன் பிறகு யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

கரும்பு லாரிகள் போகும் சாலையைக் கடந்து அவள் பள்ளிக்குப் போகக் கூடாது என்று அம்மா முடிவு செய்தாள். நான் தொடர்ந்து போனேன், படித்தேன், பொறியாளனாகிச் சிறு பாலங்கள் கட்டினேன், ஓய்வும் பெற்றேன். அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் "கொஞ்சம் காது மந்தம்" என்று சொல்லித்தான் கட்டிக்கொடுத்தார்கள். புகுந்த வீட்டில் எல்லோரும் அவளிடம் கத்தியே பேசினார்கள். அவளும் யார் எது சொன்னாலும், "எனக்குச் சரியா வுழல, இன்னொரு தபா சொல்லு" என்பாள். தொட்டுக் கூப்பிட்டால்தான் திரும்புவாள். கேட்ட சொல்லையும் நம்பாமல், நிஜமாகவே கேட்டோமா என்று ஒரு கணம் யோசிப்பாள். இப்படியே அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.

அவள் மகள் ஓசூரில் வீடு கட்டியிருக்கிறாள். அக்கா அந்த வீட்டைப் பார்த்ததில்லை. இடுப்பெலும்பு முறிந்து அறுவை செய்த பிறகு அவளால் வெகுநேரம் உட்கார முடிவதில்லை. ரயிலில் படுத்துக்கொண்டு போகலாமே என்றேன்.

"வோணாண்டா. ஸ்டேஷன்ல இன்னான்னா சொல்லுவான், எனக்கு வுழாது. எங்கனா எறங்கிப்புடுவேன். நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு, போதும்" என்றாள்.

அந்தப் 'போதும்' என்னைத் தூங்கவிடவில்லை. அவளை ஓசூர் வீட்டு வாசலில் இறக்கியே தீர்வது என்றும், அதற்கு முன் உண்மையைச் சொல்லியே தீர்வது என்றும் முடிவு செய்தேன். ஓடாமல் நின்ற ஒரு பழைய பள்ளிக்கூட வேனை வாங்கி, இன்ஜினைச் சரிசெய்து, இருக்கைகளையெல்லாம் கழற்றினேன். அவள் சற்று நேரம் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்க்க ஒரு சோபா வேண்டும். இடுப்பு வலித்தால் எழாமலே அது படுக்கையாக வேண்டும். அவளை எழுப்பி நிறுத்திவிட்டுக் கையால் மடக்குவது நடக்காது. எனவே மோட்டார்.

வில்லியனூர் கடைவீதியில் நான் இரும்புச் சாமான் வாங்கும் பாய் விசாரித்தார்: "இன்னா சார், வண்டிக்குள்ளயே வூடு கட்டுறீங்களாமே. சிமென்ட்டு எத்தினி மூட்டை அனுப்பட்டும்?" ஒதியம்பட்டு வெல்டருக்கு இந்த யோசனையே பிடிக்கவில்லை. "சோபான்னா சோபா, கட்டிலுன்னா கட்டிலு. ரெண்டுங்கெட்டானா இன்னாத்துக்கு சார்?" என்றார். ஆனாலும் சதுரக் குழாயை வெட்டி, நான் போட்ட படத்தின்படி சட்டம் செய்துகொடுத்தார். அது வேனின் கதவுக்குள் நுழையவில்லை. உள்ளே தரையை அளந்த நான் கதவை அளக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. இருவரும் கொஞ்ச நேரம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தோம். பிறகு நடுவில் அறுத்து, உள்ளே வைத்துப் போல்ட் போட்டு இணைத்தோம். ஒரு பக்கம் சக்கரத்துக்கு மேல் தரை புடைத்திருந்ததால் அந்தப் பக்கம் சட்டத்தின் காலையும் வெட்டிக் குட்டையாக்க வேண்டியிருந்தது.

மோட்டார் பழைய மருத்துவமனைக் கட்டிலிலிருந்து கழற்றியது. அது ஒருபுறம் சுற்றினால் தண்டு நீண்டு வெளியே வரும். மறுபுறம் சுற்றினால் உள்ளே போகும். தண்டு இருக்கையை முன்னால் தள்ள, முதுகுப் பகுதி கீலில் சாய்ந்து இறங்கிப் படுக்கையாகும். தனி பேட்டரி வைத்து, சுவிட்சை ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் பொருத்தினேன். ஓட்டப்போவது நான்தானே.

எல்லாம் முடிந்ததும் இடுக்கில் எதுவும் சிக்குமா என்று பார்க்க ஒரு கரும்புத் துண்டை வைத்துச் சுவிட்சை அழுத்தினேன். மோட்டார் முனகக்கூட இல்லை. கரும்பு சப்பையாகிச் சாறு சட்டத்தில் வழிந்தது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அத்தனை படித்து, அத்தனை பாலம் கட்டி, கடைசியில் மறுபடி அதே பலகையைத்தான் செய்திருந்தேன். இழுப்பவன் முன்னால் இருக்கிறான். கை வைத்தவள் பின்னால் இருக்கிறாள்.

மறுநாளே எல்லாவற்றையும் கழற்றினேன். இடுக்கைக் கித்தானும் ரப்பரும் வைத்து மூடினேன். தண்டுக்குச் சிறு தடை வந்தாலும் மின்சாரம் அறுந்து மோட்டார் நிற்கும்படி செய்தேன். முன்னால் இருந்த சுவிட்சைப் பிடுங்கி, நீண்ட கம்பியில் கோத்து, அவளுடைய இடது கைக்கு எட்டும்படி வைத்தேன். அழுத்திக்கொண்டிருந்தால் மட்டும் நகரும், விட்டால் நின்றுவிடும். இதைச் சரிசெய்வதற்குள் ஒரு கட்டுக் கரும்பு தீர்ந்தது. தோலில் கீறல் இல்லாமல் கரும்பு வெளியே வரத் தொடங்கியதும் என் விரல்களை உள்ளே வைத்தேன்.

"சார், கரும்பு போதும் சார்! வெரலுக்கு ஸ்பேர் கெடையாது!" என்று வெல்டர் கத்தினார்.

ரப்பர் விரலைத் தொட்டது. மோட்டார் நின்றது.

அக்காவை அழைத்து வந்து உட்காரவைத்தேன். மெத்தையைத் தடவிப் பார்த்தாள். "இன்னாடா இது, சினிமாக் கொட்டாய் சேர் கணக்கா கீது" என்று சிரித்தாள். எதிரே தரையில் உட்கார்ந்து சொன்னேன். பொரி, பலகை, எண்ணெய், முதுகுக்குப் பின்னால் வாயை மட்டும் அசைத்தது எல்லாவற்றையும் சொன்னேன். விரல்களுக்காகத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவற்றை அவள் பார்க்கவே இல்லை.

"அப்போ எனக்குக் காது கேட்டுதா?" என்றாள்.

"கேட்டுது அக்கா. எப்பவும் கேட்டுது."

தெருப்பக்கமாகத் தலையைச் சாய்த்தாள். பிறகு, "அந்தக் கோடியில ஐஸ்காரன் ஹாரன் அடிச்சிகினு போறான். உனக்குக் கேக்குதா?" என்றாள்.

"கேக்கல" என்றேன். உண்மையாகவே எனக்குக் கேட்கவில்லை.

அவள் என் கையைப் பிடிக்காமல் தானாகவே இறங்கிப் போய்விட்டாள்.

ஞாயிறுதோறும் அவள் வீட்டிலிருந்து வரும் மீன்குழம்பு நின்றது. நான் அவள் மகளுக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன். உறவில் ஒரு திருமணத்தில், அவளைச் செவிடி என்று கூப்பிட்டுப் பழகியவர்கள் எல்லோரும் இருக்கும்போது எழுந்து நின்று சொன்னேன். சிலர் தலை குனிந்தார்கள். "இத்தினி வயசுக்கு மேல இதெல்லாம் எதுக்குப்பா, சாப்புடப் போலாம்" என்று ஒருவர் என்னை இழுத்து உட்காரவைத்தார். பந்தி நடந்தது. பேட்டரி செத்துவிடக் கூடாது என்று தினமும் காலையில் வேனைக் கிளப்பி, படுக்கையை ஒருமுறை விரித்து மடக்கிவைத்தேன். அவள் வராமலே போகலாம். வந்தால் வண்டி தயாராக இருக்க வேண்டும்.

சம்பா நடவு முடிந்த சமயம் ஒரு காலையில் துணிப்பையோடு வந்து நின்றாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

"எடு வண்டிய."

சோபாவில் உட்கார்ந்தாள். சுவிட்சை இடது கையில் எடுத்துக்கொண்டாள். நான் முன்னால் போய் உட்கார்ந்ததும் பின்னாலிருந்து ஆலையில் கத்துவது போல ஒரு குரல் வந்தது.

"கை!"

என் கைகள் அவள் பலகைக்கு எட்டாத தூரத்தில் இருந்தன. தூக்கினேன்.

"வாயத் தொறந்து சொல்லுடா. எனக்குத்தான் காது நல்லா கேக்குதே."

"மேல" என்றேன். மோட்டார் ஓடியது. நிற்கும்வரை நான் கைகளை இறக்கவில்லை.

விழுப்புரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி என்று மெல்ல ஓட்டினேன். லாரிகளெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே தாண்டிப் போயின. ஒவ்வொரு முறை விரிக்கும்போதும் மடக்கும்போதும் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னாள். ஒவ்வொரு முறையும் "கை" என்று கத்திவிட்டு நான் தூக்கும்வரை காத்திருந்தாள். ஓசூரில் மாடியிலிருந்து மகள் "அம்மா" என்று கூப்பிட்டாள். யாரும் தொடாமல் அக்கா உடனே நிமிர்ந்து பார்த்தாள். பிறகு ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

மன்னித்தாளா என்று நான் கேட்கவில்லை. மீன்குழம்பு இன்னும் வரவில்லை.

தெருவில் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தபோது அந்தப் பழைய கேள்விதான் திரும்ப வந்தது. "சொன்னியா?" என்னை மாமாவிடம் மாட்டிவிடத்தான் அப்படிக் கேட்கிறாள் என்று அன்று நினைத்தேன். நசுங்கிய கையைப் பிடித்துக்கொண்டு, தன் காதை நம்புவதா தம்பியை நம்புவதா என்று தெரியாமல்தான் அவள் கேட்டாள். நான் எதைச் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளத் தயாராக இருந்தாள்.