நோரீன் ஸ்டாம்பரின் மூன்றாவது முறை

இயற்கணிதத்தின் முதல் பாடத்தை நோரீன் ஸ்டாம்பர் மூன்றாவது தடவையாக எடுத்திருந்தாள். எங்கள் ஊர்க் கல்லூரியில் ஒரு பாடத்தை மூன்று தடவைக்கு மேல் எடுக்க விடமாட்டார்கள். தேறினால் நர்ஸ் படிப்பில் இடம் கேட்கலாம். தேறாவிட்டால் அடுத்த கல்லூரி மலைக்கு அந்தப் பக்கம், போகவே இரண்டு மணி நேரம். வேலையையும் வைத்துக்கொண்டு அங்கே போய்வர எவளாலும் ஆகாது. ஆக, கதவு ஒன்றுதான். அதுவும் முக்கால்வாசி மூடியாகிவிட்டது.

அவளுக்கு மண்டையில் ஒன்றும் ஏறாது என்று சொல்கிறவன் என் முன்னால் வந்து சொல்லட்டும். ஒன்பதாவதோடு பள்ளியை உதறிவிட்டு, இந்தக் கென்டக்கி மலைக்குள் டயர் கடை போட்டு, ஒருத்தன் தயவும் இல்லாமல் நிமிர்ந்தவன் நான். உழைக்கிற ஆளை அவர் நடையிலேயே கண்டுபிடித்துவிடுவேன். நோரீன் உழைக்கிறவள். பதினேழு வயதில் வயிற்றில் பிள்ளையோடு பள்ளியை விட்டாள். பிள்ளை வளர்ந்து ஆளான பிறகு, நாற்பதை நெருங்கும் வயதில், விட்ட படிப்புக்கு ஈடான பரீட்சையை எழுதித் தேறினாள். முதியோர் இல்லத்தில் உதவியாளர் வேலை. தன்னைப்போல் இரண்டு பங்கு கனமுள்ள கிழவரையும் அலுங்காமல் புரட்டிப் படுக்கவைப்பாள்.

ஆனால் அவள் மருந்து கொடுக்கக் கூடாது, ஊசியைத் தொடக் கூடாது. ஒருவருக்கு முகம் வெளுப்பதை முதலில் பார்ப்பவள் அவள்தான். பார்த்துவிட்டு நர்ஸைத் தேடி ஓட வேண்டும். ஒரு பனிக்காலத்தில் அப்படி ஓடித் திரும்புவதற்குள் மிஸஸ் கௌடில் என்கிற அம்மாள் போய்விட்டார். அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் நோரீனுக்குள் இந்த நர்ஸ் வெறி புகுந்தது.

முதல் தடவை மகளின் பிரசவம் வந்து பாதியில் விட்டாள். இரண்டாம் தடவை கொஞ்சத்தில் தவறியது. மூன்றாம் தடவை வரும்போது கல்லூரி வீட்டுப்பாடத்தைக் கணினிக்கு மாற்றியிருந்தது. ஒவ்வொரு கணக்குக்கும் பக்கத்தில் ‘உதாரணம் காட்டு’ என்று ஒரு பொத்தான். அழுத்தினால் அதே கணக்கு வேறு எண்களோடு படிப்படியாகப் பிரிந்து கண்முன் நிற்கும். அங்கே ஏழு இருந்தால் இங்கே தன் ஒன்பதை வைப்பாள். அங்கே கழித்தால் இங்கேயும் கழிப்பாள். பச்சை டிக் விழும். அடுத்த கணக்கு, அடுத்த பச்சை. இந்தப் பாவி மகளுக்கு அதில் ஒரு தவறும் தெரியவில்லை. காட்டியதைப் பார்த்துச் செய்வதுதானே வேலை கற்கிற வழி? படுக்கை விரிப்பு மாற்றவும் அவள் அப்படித்தான் கற்றாள்.

இடைவேளை அறையில் போனை டாமி ஜோவின் மூக்குக்கு முன்னால் நீட்டுவாள். டாமி ஜோ கூட வேலை செய்கிறவள், சிறு வயதுச் சிநேகிதி.

“பாருடீ, நூறு. மறுபடியும் நூறு.”

“நீயா போட்ட?”

“பின்ன உன் மாமியாரா வந்து போட்டா?”

“அவளுக்கு லாட்டரி நம்பரைத் தவிர வேற நம்பரே தெரியாது.”

“ரெண்டு வருஷம் பொறு. நர்ஸா வந்து நிப்பேன். நீ என்னை மேடம்னு கூப்பிடணும்.”

“கூப்பிட்டுட்டாப் போச்சு. இப்ப ஏழாம் ரூம் கிழவர் ஒண்ணுக்குப் போக பெட் பேன் கேக்குறார். எடுத்துட்டுப் போங்க மேடம்.”

புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் எழுந்து நின்று சாட்சியே சொல்லிவிட்டாள், கர்த்தர் தனக்கு அல்ஜீப்ராவைத் திறந்து கொடுத்தார் என்று. சபை முழுதும் ஆமென் சொன்னது. பெருமை பேசுகிற வாயை நான் குறை சொல்ல மாட்டேன், எனக்கும் அது உண்டு. ஆனால் ஊரறியச் சொன்ன பெருமை சறுக்கினால் விழுகிற அடியும் ஊரறியத்தான் விழும்.

இடைத்தேர்வு தாளில் வந்தது. தாளும் பென்சிலும் மட்டும். முதல் கணக்கைப் பார்த்தாள், நூறு தடவை போட்ட கணக்குதான். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. அவள் விரல் தன்னையறியாமல் தாளின் ஓரத்தில் பொத்தான் இருக்க வேண்டிய இடத்தைத் தேய்த்தது.

நூற்றுக்கு முப்பத்தொன்று வாங்கினாள்.

ஆசிரியர் ஓய்லர் அவளைவிட இளையவர். இரண்டு கல்லூரிகளுக்கு மாறி மாறி ஓடுகிற பகுதிநேர ஆள். அவருக்கென்று ஓர் அறை கூடக் கிடையாது. கார் நிறுத்துமிடத்தில் தன் காரின் பானட்டின்மேல் அவள் தாளை விரித்தார். 3 − 2(x − 4) = 5 என்ற கணக்குக்கு அவள் ஒன்பது என்று எழுதியிருந்தாள்.

“மூணுலேர்ந்து ரெண்டைக் கழிச்சுட்டீங்க.”

“கழித்தல் குறி இருக்கே, மிஸ்டர் ஓய்லர்.”

“அந்த ரெண்டு பிராக்கெட்டோட ஒட்டிக்கிட்டிருக்கு. மூணு அதைத் தொட முடியாது. சரி, உங்க ஒன்பதை எக்ஸ் இருக்கிற இடத்துல போடுங்க. என்ன வருது?”

உதட்டை அசைத்து அசைத்துப் போட்டாள். “மைனஸ் ஏழு.”

“அஞ்சு வரணும்.”

“கம்ப்யூட்டர்ல எனக்கு எல்லாம் சரின்னு வந்துச்சே!”

“உதாரணத்தைத் திறந்து வச்சுக்கிட்டுத்தானே போட்டீங்க?”

“அதுக்குத்தானே அந்தப் பொத்தானை வச்சிருக்காங்க?”

ஓய்லர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நீங்க பார்த்து எழுதியிருக்கீங்க, நோரீன். கணக்குப் போடலை.”

“இத்தனை நாளா ஏன் சொல்லலை?”

“நூத்துக்கும் மேல ஆளுங்க எனக்கு. நூறுன்னு காட்டினா அந்தப் பேரை நான் திறந்தே பார்க்கிறதில்லை. தப்புதான்.”

“இப்ப பாடத்தை விட்டு விலகிக்கலாமா?”

“விலகினாலும் மூணாவது தடவைன்னுதான் எண்ணுவாங்க.”

அப்புறம் அவள் செய்ததை நான் எந்தச் சபையிலும் எழுந்து சொல்வேன். வேலைக்குப் போகுமுன் தன் பிக்கப் வண்டிக்குள் உட்கார்ந்து, உதாரணத்தைத் திறக்காமல், வெறும் கணக்கை முறைத்துப் பார்த்தாள். முதல் வாரம் ஒன்றும் வரவில்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு கிடப்பாள். பிறகு ஒன்று வந்தது. விடையை எக்ஸ் இருந்த இடத்தில் திரும்பப் போட்டுப் பார்த்தாள். இரு பக்கமும் ஒன்றாய் நின்றது. அது சரி என்று எவரும் சொல்லாமல் அவளுக்கே தெரிந்தது. அதற்குப் பிறகு பச்சை டிக்கை அவள் நம்பவில்லை. திரும்பப் போட்டுப் பார்ப்பதை மட்டும் நம்பினாள்.

இறுதித் தேர்விலும் அதையேதான் செய்தாள். ஒரு கணக்குப் போடுவாள், திரும்பப் போட்டுப் பார்ப்பாள். சந்தேகம் வந்தால் இன்னொரு தரம். மற்றவர்கள் தாளைத் திருப்புகிற சத்தம் கேட்டும் நிமிரவில்லை. ஒரு தடவை ஏமாந்தவளுக்கு, கையில் இருப்பதை உறுதி செய்யாமல் அடுத்ததைத் தொட மனம் வரவில்லை. நேரம் முடிந்தது என்று ஓய்லர் சொன்னபோது கடைசிப் பக்கத்தை அவள் திருப்பக்கூட இல்லை.

மற்றவர்கள் போனதும் அவர் அவள் எதிரிலேயே திருத்தினார்.

“எழுதினதுல கிட்டத்தட்ட எல்லாம் சரி. ஒரே ஒரு கணக்குதான் தப்பு.”

“அப்ப பாஸா?”

“கடைசிப் பக்கம் வெறுமையா இருக்கே, நோரீன். அதுலதான் மார்க் நிறைய. எப்படிக் கூட்டினாலும் எட்டலை.”

“அரை மணி நேரம் குடுங்க. இங்கயே போடுறேன். நீங்க என் கையைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருங்க.”

“முடியாது.”

“எனக்கு இப்ப தெரியும்! ஒரு கணக்குக் கேளுங்க, எதை வேணும்னாலும் கேளுங்க!”

“உங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்.” அவர் குரல் இறங்கிவிட்டது. “துறையில கேட்டுப் பார்க்கிறேன்.”

“கேட்டா மாத்துவாங்களா?”

அவர் தாள்களை அடுக்கினார். இன்னொரு கல்லூரியில் அவருக்கு வகுப்பு இருந்தது. அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. பதில் தனக்கே தெரியும், மாற்றுவார்கள் என்று அவரைப் பொய் சொல்லவைக்க வேண்டாம் என்று நினைத்தாளோ என்னவோ.

வேலைக்குப் போனாள். இடைவேளை அறைக் கதவைத் திறந்தால் உள்ளே எல்லோரும் நின்றிருந்தார்கள். மேசையில், அவள் தேறிவிடுவாள் என்று நம்பி வாங்கிய பெரிய கேக். ‘வாழ்த்துகள் நர்ஸ் நோரீன்’ என்று நீலக் கிரீமில் எழுதியிருந்தது. டாமி ஜோ கையில் கத்தி.

“வாங்க மேடம்! என்ன இவ்வளவு லேட்டு? உங்களுக்காக இதுங்க எச்சில் ஊற நிக்குதுங்க.”

நோரீன் கோட்டைக் கழற்றவில்லை. “இல்லைடீ.”

“என்ன இல்லை?”

“ஆகலை.”

டாமி ஜோ கத்தியைக் கீழே வைத்தாள். “அந்த மலைக்கு அந்தாண்ட காலேஜ்...”

“வேண்டாம்.”

“நான் ஷிப்ட் மாத்திக்கிறேன்டீ. வாரத்துல ரெண்டு நாள்...”

“வேண்டாம்னேன்ல? இனிமே அந்தப் பேச்சை எடுக்காத.” குரல் உயர்ந்ததும் அவளே அடக்கிக்கொண்டாள். “கேக்கை வெட்டு. வாங்கினதை ஏன் வீணாக்கணும்? எல்லாருக்கும் பெரிய துண்டா குடு.”

டாமி ஜோ, நோரீனின் பெயர் படாத மூலையிலிருந்து வெட்டத் தொடங்கினாள். நோரீன் கை கழுவப் பக்கத்து அறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தம் வெகு நேரம் கேட்டது. கதவைத் தட்ட ஒருத்திக்கும் கை வரவில்லை.