தண்ணிக் கேனில் கெட்டிமேளம்

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். "படிச்சதைவிட ஜாமெட்ரி பாக்ஸைத் தட்டுனதுதான் அதிகம்" என்று அப்பா இன்றைக்கும் சொல்வார். டிப்ளமா முடித்து ஷார்ஜாவுக்கு ஏசி டெக்னீஷியனாக வந்த பிறகும் கை அடங்கவில்லை. ஏசி காற்றுக் குழாய், கட்டில் கம்பி, சாப்பாட்டுத் தட்டு, எது கிடைத்தாலும் தாளம்தான்.

ஷார்ஜாவின் ரோலா பகுதியில் எங்கள் ரூமில், மேல்கட்டில் யாழ்ப்பாணத்து அண்ணனுடையது. அவருக்கு நைட் டூட்டி. "தம்பி, உந்தக் கையை ஒருக்காக் கட்டிப் போடும். நான் நித்திரை கொள்ள வேணும்" என்பார்.

போன மாதம் எங்கள் ரூம் மன்னார்குடிக்காரனின் தங்கைக்குக் கல்யாணம். அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையிலேயே புது வேட்டி கட்டி, போனை அரிசி மூட்டையில் சாய்த்து வைத்து, வீடியோ காலில் உட்கார்ந்துவிட்டான். முகூர்த்தம் நெருங்கும் நேரத்தில் அங்கே ஒரே சலசலப்பு. மேளக்காரர்கள் வந்த வேன் வழியில் நின்றுவிட்டதாம்.

"கெட்டிமேளம் இல்லாம எப்படித் தாலி கட்டுறது? எவனாவது தும்மித் தொலைச்சா?" என்று அவன் மாமா கத்துவது கேட்டது.

"நானும் அங்க இல்ல, மேளமும் இல்ல. என்னடா கல்யாணம் இது?" என்றான் மன்னார்குடிக்காரன். சட்டென்று என் பக்கம் திரும்பினான். "நீ அடிடா!"

போனை மண்டப மைக்கில் பிடிக்கும்படி மாமாவிடம் சொன்னோம். தவில்காரர்கள் விரலில் கூடு மாட்டுவார்கள். நான் பாட்டில் மூடிகளை விரல்களில் வைத்து இன்சுலேஷன் டேப் சுற்றினேன். காலித் தண்ணிக் கேனை மடியில் கிடத்தினேன். இடது கையில் சோற்றுக் கரண்டி. மேலேயிருந்து அண்ணன் எட்டிப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"பிரியாணிச் சட்டி எங்க கிடக்கு?" என்றபடி இறங்கினார்.

எங்களுக்குப் படம் கொஞ்சம் பிந்தித்தான் வரும். ஐயர் கை காட்டுவதைப் பார்த்து அடித்தால் தாலி ஏறி முடிந்திருக்கும். அதனால் தாலித் தட்டு சபையைச் சுற்றி வரும்போதே ஆரம்பித்துவிட்டோம். நான் கேனில், அண்ணன் சட்டியில், மன்னார்குடிக்காரன் எவர்சில்வர் தட்டில். "கியா ஹுவா பாய்?" என்று, என்ன ஆச்சு எனக் கேட்டு வந்த பக்கத்து ரூம் பெஷாவர்க்காரர், போனில் மணப்பெண்ணைப் பார்த்ததும் எங்கள் கதவிலேயே தட்ட ஆரம்பித்தார்.

தாலி ஏறிய பிறகும் நாங்கள் நிறுத்தவில்லை. "போதும்டா, ஐயர் மந்திரம் சொல்லணும்!" என்று மாமா கத்தினார்.

கொஞ்ச நேரத்தில் மாலையும் கழுத்துமாகத் தங்கை போனில் வந்தாள். கண் மை கலைந்திருந்தது.

"அண்ணே, ஒரு தட்டு மட்டும் தாளத்துக்கே வரல. அது நீதானே?"

"நானேதான் பாப்பா" என்றான் அவன், இன்னும் தட்டைக் கீழே வைக்காமல்.