பசியாறிப் போன பருந்து

தொண்ணூறுகளின் நடுவில், ரொறன்ரோவில், என்னோடு வேலை செய்த ஒரு வெள்ளைக்காரனிடம் பருந்து வைத்து முயல் பிடிக்கப் பழகினேன். எனக்கென்று ஒரு பருந்தும் வாங்கினேன். அவன் சொன்ன முதல் விதி, வேட்டைக்கு முன் தீனி போடக்கூடாது என்பது. பசித்த பருந்துதான் கைக்குத் திரும்பி வரும்.

என் பருந்து முதல் முயலை அமுக்கியதும் ஓடிப்போய்க் கையுறையில் ஒரு துண்டுக் கோழியிறைச்சியைக் காட்டினேன். அது துண்டுக்குத் தாவிய நேரம் முயலைப் பைக்குள் மறைத்துவிட்டேன். அப்படித்தான் செய்ய வேண்டுமாம். பின்னேரம் வீட்டில் முயல்கறி. மனைவி ஒரு வாய் தின்றுவிட்டுச் சோற்றுக்கோப்பையைத் தள்ளிவைத்தாள்.

“பிடிச்சது அது, தின்னுறது நாங்கள். நாளைக்கும் அதை வெறும் வயித்தோடயோ கூட்டிக்கொண்டு போகப்போறியள்?”

நானும் எழும்பிக் கையைக் கழுவினேன். மறுநாள் காலை, எடுத்துவைத்திருந்த முயல் ஈரலையும் மிச்ச இறைச்சியையும் அதற்கு வயிறு முட்டப் போட்டேன்.

ரொறன்ரோவுக்கு வெளியே, ஸ்ரௌவ்வில் என்ற ஊர்ப்பக்கத்து வயலில், பருந்து கையை விட்டெழும்பி ஒரு மேப்பிள் மரத்து உச்சியில் போய் இருந்தது. அப்போதுதான் கண்டேன், அதைக் கட்டிவைக்கும் நீளத் தோல்வார் காலில் தொங்கியது. கழற்ற மறந்துவிட்டேன். கிளையில் சிக்கினால் தலைகீழாகத் தொங்கியே செத்துப்போகும். விசிலடித்தேன், இறைச்சியைக் காட்டினேன், கெஞ்சினேன். அது ஆறுதலாக இறகு கோதிவிட்டுக் காட்டுப்பக்கம் பறந்தது. இவ்வளவு நாளும் என்னைத் தேடித்தான் வருகிறது என்று நினைத்திருந்தேன், மடையன்!

வீட்டுக்கு வந்து பருந்து போய்விட்டதென்று சொன்னேன். “போனால் போகட்டும்,” என்றாள் மனைவி. “வயிறு நிறையத்தானே போனது?”

“ஓம்” என்றேன். வாரைப் பற்றி இன்றுவரை அவளுக்குச் சொல்லவில்லை.