முன்சீட்டில் யாரும் இல்லை

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் நான் எப்படிப்பட்ட ஆள் என்று உங்களுக்குத் தெரியும். வீடுகளுக்கு வயரிங் செய்கிறவன் நான். அடி அண்ணாமலையில் சொந்த வீடு, வேலை திருவண்ணாமலை முழுக்க. ஆசிரமம் பக்கத்தில் வாடகைக்கு விடுகிற அறைகளில் பாதிக்கு நான்தான் வயர் இழுத்திருப்பேன். அங்கே ஒரு வீட்டில், பூட்டின அறையில் ஃபேன் தானாகச் சுற்றுகிறது, ஏதோ இருக்கிறது என்று பயந்துபோய் என்னைக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் சுவிட்சுக்குள் பல்லி ஒன்று கருகிக் கிடந்தது. இருபத்தைந்து வருடத்தில் இப்படி எத்தனையோ பார்த்துவிட்டேன். பேய் என்று யாராவது சொன்னால் டெஸ்டரை எடுத்துக்கொண்டு போவேனே தவிர, விபூதியை எடுத்ததில்லை. அதனால்தான் நான் இப்போது சொல்லப்போவதை நீங்கள் நம்பவில்லை என்றாலும் எனக்குக் கோபம் வராது. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன்.

எனக்கு ஒரே மகள், நிவேதா. கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும்போது முகமும் காலும் வீங்கிக்கொண்டே வந்தது. வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம், இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார்கள். என் மனைவி சுமதி அந்த இடத்திலேயே, "என்னோடத எடுத்துக்குங்க டாக்டர்" என்றாள். சோதனை எல்லாம் செய்தார்கள். அதுவரைக்கும் அவளுக்கே தெரியாமல் சர்க்கரை வியாதி இருந்திருக்கிறது, எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு ரத்த வகையே சேரவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்த பிறகு சுமதி சமையல்கட்டில் நின்றுகொண்டு, "பெத்த ஒடம்புங்க இது. அவளுக்கு ஒதவாம என்னத்துக்குங்க இருக்குது" என்று கேட்டாள். 

வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். போளூர் வழியாக வேலூருக்குப் பஸ்ஸில் போய் வருவது அவளால் முடியவில்லை, திரும்பி வரும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுப்பாள். அதனால்தான் அந்தப் பழைய காரை வாங்கினேன். எங்கள் ஊர் மெக்கானிக் அன்வர் பாய்தான் பார்த்துக் கொடுத்தார். சென்னையில் யாரோ ஓட்டின வண்டி, நடுவில் ஒரு புரோக்கர் கைக்கு வந்திருந்தது. "இந்த மாடல்ல ஜன்னல் மோட்டார் அடிக்கடி போவும்ணே, கிளட்ச் கொஞ்சம் இழுக்கும், ஏசி வெயில்ல திணறும். எல்லாருக்கும் வர்ற கம்ப்ளைன்ட் தான். இன்ஜின் சுத்தமா இருக்குது, எடுத்துக்கோங்க" என்றார். எடுத்துக்கொண்டேன்.

முன்சீட்டு நிவேதாவுடையது. சுமதி பின்னால் பையோடும் தண்ணீர் பாட்டிலோடும் உட்கார்ந்துகொள்வாள். டயாலிசிஸுக்காக நிவேதாவின் இடது கையில் ரத்தக்குழாயைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள், அந்தக் கையால் எதையும் பிடித்து இழுக்கக் கூடாது. அதனால் ஒவ்வொரு முறையும் நான்தான் குறுக்கே சாய்ந்து அவளுடைய சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிவிடுவேன். "அப்பா, கழுத்த அறுக்குதுப்பா" என்பாள். கொஞ்சம் கீழே இறக்கிவிடுவேன். கால் வீக்கம் வடியட்டும் என்று இரண்டு காலையும் டேஷ்போர்டு மேல் தூக்கி வைத்துக்கொள்வாள். பௌர்ணமி அன்று டயாலிசிஸ் வந்துவிட்டால் தொலைந்தோம், கிரிவலக் கூட்டத்தில் வண்டி நகராது. அப்போதுகூட அவள் சலித்துக்கொள்ளமாட்டாள். போகிறவர்களைப் பார்த்து, "இவரு பாதியிலயே டீ குடிக்க உக்காந்துடுவாரு பாரும்மா" என்று பந்தயம் கட்டுவாள். சுமதி சிரிப்பாள். அந்த வண்டிக்குள்தான் நாங்கள் மூன்று பேரும் கடைசியாகச் சிரித்தது.

ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது, கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். வேலூரிலேயே போய்விட்டாள். ஆம்புலன்ஸில் அவளோடு சுமதி வந்தாள். நான் காரைத் தனியாக ஓட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தேன்.

அந்தப் பயணத்தில்தான் முதல் தடவை அது அடித்தது. முன்சீட்டில் யாராவது உட்கார்ந்து பெல்ட் போடாமல் இருந்தால் டிங் டிங் என்று ஒரு மணி அடிக்கும் அல்லவா, அந்த மணி. சீட்டில் யாருமில்லை, ஒரு துணிப்பைகூட இல்லை. போளூர் தாண்டுகிற வரைக்கும் அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, எப்போதும் செய்வது போலவே குறுக்கே சாய்ந்து பெல்ட்டை இழுத்து வெறும் சீட்டுக்கு மாட்டினேன். மணி நின்றது. நான் அங்கேயே ஸ்டியரிங் மேல் தலையை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது.

அதில் ஒன்றும் அதிசயம் இல்லை, இன்றைக்கும் அப்படித்தான் சொல்லுவேன். சீட்டுக்கு அடியில் ஆள் உட்கார்ந்தால் கண்டுபிடிக்கிற சென்சார் இருக்கிறது. தண்ணீர் கொட்டினால், வயர் உரசினால், அது தப்பாகக் காட்டும். அன்வர் பாயும் அதையேதான் சொன்னார். "இந்த மாடல் வச்சிருக்கறவங்க பாதி பேரு இதுக்குத்தான்ணே வராங்க." புது சென்சார் போட்டார். கொஞ்ச நாள் சும்மா இருந்தது, மறுபடியும் அடிக்க ஆரம்பித்தது. வயரையும் மாற்றினார், நானே மீட்டர் வைத்துப் பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது. "வேணும்னா மணியவே புடுங்கிடட்டுமாண்ணே?" என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தினமும் வேலைக்குக் கிளம்பும்போது பெல்ட்டை இழுத்து மாட்டுவேன், அது அடங்கும். உண்மையைச் சொன்னால், அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. அவளுக்கு என்று நான் செய்ய வேறு எதுவும் மிச்சமில்லை.

சுமதி அந்த வண்டியில் ஏறவே இல்லை. வீட்டை விட்டு வெளியே போவதையே நிறுத்திவிட்டாள். கீழ்பென்னாத்தூரில் அவளுடைய தம்பி மகளுக்குக் காது குத்து வந்தபோதுதான், தம்பியும் அவன் மனைவியும் வந்து கெஞ்சி, அத்தை வராமல் எப்படி என்று சொல்லி அவளைச் சம்மதிக்க வைத்தார்கள்.

நல்ல வெயில், பத்து மணிக்குக் கிளம்பினோம். பின்சீட்டில் இடப்பக்கம் முழுக்கச் சீர்த் தட்டு, பழம், பித்தளைக் குடம் என்று அடுக்கியிருந்தேன். அதனால் சுமதி முன்னால் உட்கார வந்தாள். முன்கதவைத் திறந்து, கொஞ்ச நேரம் சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உட்கார்ந்தாள். நான் வண்டியை ஸ்டார்ட் செய்தேன், மணி அடிக்க ஆரம்பித்தது.

"பெல்ட்டு போடு சுமதி."

அவள் இழுத்தாள், பெல்ட் வரவில்லை. விட்டுவிட்டு மெதுவாக இழுத்தாள், அப்போதும் வரவில்லை. நான் குறுக்கே சாய்ந்து இழுத்துப் பார்த்தேன், சுவரில் ஆணி அடித்து வைத்தது போல் நின்றது. வேகமாக இழுத்தால் பூட்டிக்கொள்ளும், அது தெரியும், ஆனால் நான் நூல் இழுப்பது போலத்தான் இழுத்தேன். மணி மட்டும் நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தது.

சுமதி கதவுப் பிடியில் கை வைத்தாள். "நா பின்னாடியே உக்காந்துக்கறேங்க" என்றாள்.

"இரு, எங்கயோ சிக்கிக்கினு இருக்குது, எடுத்துடறேன்."

"வேணாங்க. அவளுக்கு நா இங்க உக்கார்றது புடிக்கல." அதைச் சொல்லும்போது அவள் முகம் போன போக்கை நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன். "என்னால தான் ஒண்ணும் குடுக்க முடியலயே அவளுக்கு. எம்மேல கோவமா இருக்கா."

"பைத்தியமாட்டம் பேசாத" என்றேன். அவள் கேட்கவில்லை. இறங்கிப் பின்னால் போய், எனக்கு நேர் பின்னே சீர்த் தட்டுகளுக்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டாள். முன்சீட்டு காலியாகிவிட்டது, மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. நான் சாய்ந்து பெல்ட்டைத் தொட்டேன். நம்பினால் நம்புங்கள், வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு வந்தது. வெறும் சீட்டுக்கு மாட்டினேன், சத்தம் அடங்கியது. பின்னால் சுமதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுவது கண்ணாடியில் தெரிந்தது. நான் வண்டியை எடுத்தேன்.

டவுனைத் தாண்டி, செஞ்சி ரோட்டில் கொஞ்ச தூரம் போயிருப்போம். வேர்க்கடலை மூட்டை ஏற்றின டிராக்டர் ஒன்று வயல்பாதையிலிருந்து திடீரென்று ரோட்டில் ஏறிவிட்டது. பிரேக்கை மிதித்தேன், போதவில்லை. டிரெய்லரின் பின்பக்கத்தில் போய் மோதினோம்.

மோதின சத்தத்தைவிட அதற்கு அடுத்து வந்த சத்தம்தான் பெரிது. டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது போல இருந்தது. என் முகத்தில் ஏர்பேக் வந்து அடித்தது, வண்டி முழுக்க வெள்ளைப் புகை. காது இரண்டும் அடைத்துவிட்டது. யாரோ என் பக்கத்துக் கதவைத் திறந்து என்னை இழுத்தார்கள், நான் "சுமதி, சுமதி" என்று கத்திக்கொண்டிருந்தேன். அவளுக்கு நெற்றியில் வீக்கம், அவ்வளவுதான். எனக்கு மணிக்கட்டில் சுட்ட காயம்.

டிராக்டர்காரர்தான் முதலில் பார்த்தார். "ஏம்ப்பா, இங்க வந்து பாரு" என்றார். இடப்பக்கத்து ஏர்பேக் ஒழுங்காக விரியவில்லை, தாறுமாறாகக் கிழிந்து தொங்கியது. அதற்குள்ளிருந்த இரும்பு டப்பா வெடித்துச் சில்லு சில்லாகப் பறந்திருக்கிறது. முன்சீட்டில் சரியாக ஒரு ஆளின் நெஞ்சும் கழுத்தும் இருக்கிற இடம் கந்தலாகிக் கிடந்தது. தலை சாய்க்கிற இடத்தில் ஒரு துண்டு குத்திக்கொண்டு நின்றது. இன்னொரு துண்டு சீட்டைத் துளைத்துக்கொண்டு போய்ப் பின்னால் இருந்த பித்தளைக் குடத்தை நசுக்கியிருந்தது. சுமதி அந்தச் சீட்டில் உட்கார்ந்திருந்தால் என்று நினைத்ததும் திரும்பிப் போய் அவளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

வண்டியைக் கம்பெனி சர்வீஸுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அங்கே கவுன்ட்டரில் இருந்த பெண் வண்டி நம்பரைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துவிட்டு, "சார், இந்த வண்டிக்கு ரீகால் இருக்குதே. லெஃப்ட் ஏர்பேக்ல பிரச்சனை, வெடிக்கலாம்னு கம்பெனியே திரும்பக் கூப்ட்டு இலவசமா மாத்திக் குடுக்கறாங்க. உங்களுக்குத் தகவல் வரலீங்களா?" என்று கேட்டாள். எனக்கு எப்படி வரும்? முதலில் வாங்கின சென்னைக்காரரின் நம்பருக்குப் போயிருக்கிறது.  எனக்கு அப்போது ஞாபகம் வந்தது நிவேதாவின் கால்கள்தான். வீங்கின அந்த இரண்டு காலையும் அந்த ஏர்பேக் மூடி மேல்தான் வைத்துக்கொண்டு வேலூருக்கும் வீட்டுக்கும் வந்து போய்க்கொண்டிருந்தாள்.

வண்டியைப் பார்த்த சர்வீஸ் ஆள் வெளியே வந்து, "முன்னாடி உக்காந்திருந்தவங்க எப்படி சார் இருக்காங்க?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"யாரும் உக்காரல."

"இல்ல சார், அந்த சீட்ல ஆளு இருந்தா தான் அந்தப் பக்கத்து ஏர்பேக் விரியும். காலியா இருந்தா விரியாது."

சென்சாரில் கோளாறு இருந்தது, அதனால் வண்டி ஆள் இருப்பதாக நினைத்துக்கொண்டது என்று அவருக்கு விளக்கினேன். அவரும் தலையாட்டினார். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது.

வீட்டுக்கு வந்து சுமதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ரீகால் பற்றி, சென்சார் பற்றி, அந்த ஆள் கேட்டது பற்றி. அவள் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நான் முடித்த பிறகு, "நா ஒண்ணு பாத்தேங்க, உங்க கிட்ட சொல்லல" என்றாள். ரோட்டில் என்னை இழுத்து வெளியே உட்கார வைத்தபோது அவள் வண்டிக்குள் எட்டிப் பார்த்திருக்கிறாள். ஏர்பேக்கிலிருந்து கொட்டின வெள்ளை மாவு டேஷ்போர்டு, கதவு, கண்ணாடி என்று எல்லா இடத்திலும் படிந்திருந்ததாம். முன்சீட்டில் மட்டும் உட்காருகிற இடமும் முதுகு சாய்கிற இடமும் துடைத்து வைத்தது போல மாவே இல்லாமல் இருந்ததாம், ஒல்லியாக ஒரு ஆள் அளவுக்கு.

கிழிந்த பை அந்த இடத்தை மூடியிருக்கும், அதனால் மாவு விழுந்திருக்காது என்றேன். அவள் அடுத்த துணியை எடுத்து மடித்தாள். மறுநாள் நானே போய்ப் பார்த்தேன், அதற்குள் யார்டில் அந்தச் சீட்டைக் கழற்றிப் போட்டிருந்தார்கள், அது மழையில் நனைந்துவிட்டிருந்தது. மாவும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்த வண்டியையும் கழித்துவிட்டேன்.

ஆனால் அன்று துணி மடிக்கும்போது சுமதி என்னிடம் ஒன்று கேட்டாள். பயந்துபோய்க் கேட்கவில்லை, புள்ளைக்கு ஊசி போட்டுவிட்டு வந்த டாக்டரிடம் கேட்பது போலக் கேட்டாள்.

"அவ்ளோ இரும்பு பட்டுதே, அவளுக்கு வலிச்சிருக்குமாங்க?"

இருபத்தைந்து வருடம் கையில் டெஸ்டரோடு திரிந்தவன் நான். செத்தவர்களுக்கு என்ன வலி என்று கேட்டிருக்க வேண்டும், அங்கே யாரும் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன், வந்தது வேறு.

"இல்லம்மா. தூங்கினு இருந்தா. ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

அதை நான் எப்படி அவ்வளவு நிச்சயமாகச் சொன்னேன் என்பது எனக்கு இன்றுவரைக்கும் விளங்கவில்லை.