பூஸ்டர் ஊசியும் ஒரு வாளித் தண்ணீரும்

ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தால் தலைக்குக் குளிக்காமல் நான் சமையலறைக்குள் கால் வைக்க மாட்டேன். சாஸ்திரம் சம்பிரதாயம் என்று பெரிதாக எதையும் பிடித்துக்கொண்டிருப்பவள் இல்லை. ஸ்ரீரங்கத்தில் குடியிருந்துகொண்டு வருஷத்துக்கு இரண்டு முறை கோயிலுக்குப் போனால் அதிகம். வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தைப் பால்கனியில் நின்று பார்ப்பதோடு சரி. ஆனாலும் இந்த ஒரு பழக்கம் எப்படியோ ஒட்டிக்கொண்டுவிட்டது. சாவு வீடும் ஆஸ்பத்திரியும் எனக்கு ஒரே கணக்கு. வந்ததும் புடவையை நனைத்துப் போட்டுவிட்டுத் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டால்தான் மனசு சமாதானமாகும். என் கணவருக்கும் அதே சட்டம். எங்கள் நாய்க்கும் அதே சட்டம்.

அவள் சாதாரண நாட்டு நாய். செம்மண் நிறம், ஒரு காது நிற்கும், ஒரு காது மடிந்திருக்கும். என் கணவர் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்ப்பவர். மகன் பெங்களூருக்குப் போன வருஷம், ஒரு மழை நாளில், ஷிஃப்ட் முடிந்து வரும்போது கேட் பக்கத்தில் கிடந்தவளைச் சட்டைக்குள் வைத்து எடுத்து வந்தார். பெயர் ஒன்று வைத்தோம். ஆனால் நான் கூப்பிடுவது "வாடி", "போடி"தான். அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பாள்.

குட்டியிலிருந்தே ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தால் அவளுக்குக் குளியல் உண்டு. ஆறு மாதம் ஆவதற்குள் அவளே புரிந்துகொண்டுவிட்டாள். ஆட்டோவை விட்டு இறங்கிப் படியேறி, கதவு திறந்ததும் நேரே பாத்ரூமுக்குப் போய்க் குழாயடியில் நிற்பாள். சோப்பு கண்ணில் படக்கூடாது என்று கண்களை மூடிக்கொள்வாள். இதை நான் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் என்னிடம் கணக்குப் படிக்கும் பிள்ளைகள்கூட இவ்வளவு ஒழுங்காகச் சொன்னதைக் கேட்டதில்லை.

போன வருஷம் பூஸ்டர் ஊசி போட வேண்டிய நாள் ஒரு சனிக்கிழமை. காலையில் காவிரிப் பாலம் தாண்டித் தென்னூரில் இருக்கும் கிளினிக்குக்குப் போனோம். ஊசி போட்ட டாக்டர் சின்ன வயதுப் பெண். என் கணவர் வெளியே ஆட்டோ பார்க்கப் போயிருந்தபோது டாக்டர் என்னிடம் இரண்டு விஷயம் சொன்னார்.

"அரை மணி நேரம் இங்கயே உக்காந்துட்டுப் போங்க மேடம். அப்புறம் ஒரு வாரத்துக்குக் குளிப்பாட்ட வேண்டாம்."

நான் தலையாட்டினேன். நான் வீட்டுப்பாடம் சொல்லும்போது என் வகுப்புப் பிள்ளைகள் எப்படித் தலையாட்டுவார்களோ அப்படி. அரை மணி நேரம் உட்காரச் சொன்ன இடத்தில் பத்து நிமிஷம் உட்கார்ந்தேன். குளிப்பாட்டக் கூடாது என்றதைக் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. ஊரெங்கிலும் இருந்து வந்த சீக்கு நாய்கள் நக்கிய தரையில் உருண்டவளை அப்படியே கட்டிலில் ஏற விடுவதா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன்.

என் கணவர் எங்களை வாசலில் இறக்கிவிட்டுக் காய்கறி வாங்கப் போனார். அவள் வழக்கம்போலக் குழாயடியில் போய் நின்றாள். அந்த வாரம்தான் உண்ணிக்கு நல்லது என்று யாரோ சொல்லி ஒரு புது சோப்பு வாங்கி வைத்திருந்தேன். கடுமையான வாசனை. அதைப் போட்டு நன்றாகத் தேய்த்து, வாளித் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினேன்.

முதலில் இடது கண் சுருங்கியது. தூசி விழுந்திருக்கும் என்று நினைத்தேன். பிறகு மேல் இமை தடித்தது, உதடு தொங்கியது, மூக்குப் பக்கம் உப்பியது. நான் குளித்துவிட்டு வருவதற்குள் எங்கள் நாயின் இடத்தில் வேறு ஏதோ ஒரு நாய் உட்கார்ந்திருந்தது. உடம்பெல்லாம் ரோமம் திட்டுத் திட்டாக எழும்பி நின்றது. ஒருமுறை வாந்தி எடுத்தாள். அப்புறம் கால் மடங்கி என் காலடியிலேயே படுத்துவிட்டாள்.

காய்கறிப் பையோடு உள்ளே வந்தவர் பையை அப்படியே போட்டார். ஆட்டோ பிடித்தோம். காவிரிப் பாலத்தில் ஏறியதும் வண்டிகள் நின்றுவிட்டன. முன்னால் பஸ், பின்னால் பஸ். என் மடியில் அவள் மூச்சு கரகரவென்று வந்தது. நாலு மூச்சுக்கு ஒரு மூச்சு வராமல் போன மாதிரி இருந்தது. நான் எண்ண ஆரம்பித்தேன், எண்ண முடியாமல் விட்டேன். இத்தனை வருஷத்தில் எனக்கு எண்ணிக்கை தவறியது அன்றைக்குத்தான். கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஆற்றைப் பார்க்கவே பயமாக இருந்தது. செத்த பிராணிகளை எங்கே கொண்டுபோய்ப் போடுவார்கள் என்ற நினைப்பு வந்து, அதைத் துரத்த முடியாமல் தவித்தேன்.

"நான்தான் ஊசி போடணும்னு சொன்னேன்," என்றார் என் கணவர். "நீ அடுத்த மாசம் பாத்துக்கலாம்னுதான் சொன்னே. நான்தான் கேக்கல."

ஈரம் காயாதவளை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டேன். என் புடவை முழுக்க அந்த சோப்பு வாசனை.

கிளினிக்கில் அவளை மேசையில் கிடத்தியதும் டாக்டர் முதுகைத் தொட்டுப் பார்த்தார்.

"ஈரமா இருக்கே. குளிப்பாட்டினீங்களா?"

"இல்ல டாக்டர். வாந்தி எடுத்தா. துடைச்சு விட்டேன்."

என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரு டீச்சர், சொல்லி அரை நாள்கூட ஆகவில்லை, சொன்னதைக் கேட்கவில்லை என்று ஒப்புக்கொள்ள வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். என் கணவர் அப்போதுதான் ஆட்டோவை அனுப்பிவிட்டு உள்ளே வந்தார். அவருக்குக் குளியல் தெரியும். குளிப்பாட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னது தெரியாது. நான் இல்லை என்று சொன்னதும் அவர் காதில் விழவில்லை.

டாக்டர் கைவேகமாக இரண்டு ஊசி போட்டு, டிரிப்ஸ் ஏற்றினார். மத்தியானத்துக்குள் மூச்சு சீரானது. சாயங்காலம் முகம் பழையபடி ஆனது. அனுப்பும்போது அவளுடைய தடுப்பூசி அட்டையில் சிவப்பு மையில் எழுதினார்: 'தடுப்பூசியால் ஒவ்வாமை. கவனம்.'

பிழைத்துவிட்டாள் என்ற சந்தோஷத்தில் அந்த வரியைப் பற்றி நான் கவலைப்படவில்லை. சொல்லப்போனால் எனக்கு அது வசதியாக இருந்தது. எங்கள் அப்பார்ட்மென்டில் நாய் வளர்ப்பவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. அதில் வீங்கிய முகத்தின் போட்டோவைப் போட்டு, பூஸ்டர் ஊசியின் பக்கவிளைவு என்று எழுதினேன். காலையில் கொள்ளிடக் கரைப் பக்கம் நாய்களைக் கூட்டிக்கொண்டு நடக்கிறவர்கள் எல்லோரும் என்னை நிறுத்தி விசாரித்தார்கள். எத்தனை நிமிஷத்தில் வீங்கியது, எந்தக் கண், மூச்சு எப்படி இருந்தது என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். குளியலைத் தவிர. சொல்லச் சொல்ல எனக்கே ஊசிதான் என்று நம்பிக்கை வந்துவிட்டது.

என் கணவர் மட்டும் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவள் தும்மினால்கூடக் கையிலிருப்பதை வைத்துவிட்டுப் போய் முகத்தைப் பிடித்துப் பார்ப்பார். அது அன்பு என்று நினைத்தேன். பயம் என்பது பிறகுதான் புரிந்தது.

இந்த வருஷம் கிளினிக்கிலிருந்து ஊசிக்கு நாளாகிவிட்டது என்று மெசேஜ் வந்தது. நான் அதை அழித்தேன். இரண்டாவது முறை வந்தது. அதையும் அழித்தேன். அந்த வாரம் எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் தெருநாய் போட்ட நாலு குட்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாக ரத்தக் கழிச்சலில் செத்துப்போயின. கடைசிக் குட்டியை எங்கள் நாய் கேட் கம்பி வழியாக மோந்து பார்த்துக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். இழுத்துக்கொண்டு மேலே வந்தேன்.

மறுநாள் லிஃப்டில் முதல் மாடிக்காரர் ஏறினார். வங்கியிலிருந்து ஓய்வுபெற்றவர். அவரும் அவர் மனைவியும் ஒரு வெள்ளைக் குட்டை நாய் வைத்திருக்கிறார்கள்.

"பாத்தீங்களா டீச்சர், குட்டிங்க எல்லாம் போயிடுச்சு. எங்க வீட்டுலயும் இந்த வருஷம் ஊசி போடலீங்க. நீங்க போட்ட போட்டோவைப் பாத்தப்புறம் எங்களுக்குத் தைரியம் வரல."

லிஃப்ட் முதல் மாடியில் நின்றது. அவர் இறங்கிப் போனார். நான் எங்கள் மாடி வந்தும் இறங்காமல் நின்றுகொண்டிருந்தேன். ஊசி போட்டு எங்கள் நாய் செத்தாலும் காரணம் நான்தான். போடாமல் செத்தாலும் நான்தான். இப்போது இன்னொரு வீட்டு நாயையும் சேர்த்துக்கொண்டேன்.

அடுத்த நாள் காலையிலேயே கிளினிக்குக்குப் போனோம். பாலத்தில் போகும்போது என் கணவர் அவள் தலையைத் தன் தொடையோடு அழுத்திப் பிடித்திருந்தார். டாக்டர் அட்டையை எடுத்து, சிவப்பு வரியை இரண்டு முறை படித்தார்.

"ரேபீஸ் ஊசியை விட முடியாது. கழிச்சலுக்கெல்லாம் போடற மத்த ஊசியைத்தான் இந்த வருஷம் விட்டுடலாமான்னு யோசிக்கிறேன். ஆனா உங்க ஏரியாவுல கழிச்சல் வேற வந்திருக்குன்னு சொல்றீங்க." அவர் என்னைப் பார்த்தார். "அன்னிக்கு வீட்டுக்குப் போனப்புறம் என்னென்ன நடந்துச்சு, ஒண்ணுவிடாம சொல்லுங்க மேடம். அதை வச்சுத்தான் நான் முடிவு பண்ணணும்."

நாய் என் செருப்பின் மேல் மோவாயை வைத்துப் படுத்திருந்தது. என் கணவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குளிப்பாட்டினேன்," என்றேன். "நீங்க வேண்டாம்னு சொன்னீங்க. நான் கேக்கல. புது சோப்பு வேற, உண்ணிக்குப் போடறது. அதுக்கப்புறம்தான் வீங்குச்சு. நீங்க கேட்டப்போ பொய் சொல்லிட்டேன்."

டாக்டர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பேனாவை மூடி வைத்தார்.

"சோப்பாவும் இருக்கலாம். ஊசியாவும் இருக்கலாம். ரெண்டும் ஒரே நேரத்துல நடந்ததால இப்ப யாராலயும் சொல்ல முடியாது. ஊசின்னே வச்சுக்கிட்டு ஜாக்கிரதையாப் போடுவோம். முதல்ல அலர்ஜிக்கு ஒரு ஊசி. அப்புறம் ரேபீஸ் மட்டும். ஒரு மணி நேரம் என் கண்ணு முன்னாடியே இருக்கட்டும். ஒண்ணும் ஆகலன்னா மத்தது மூணு வாரம் கழிச்சு."

என் கணவர் அப்போதுதான் பேசினார். கோபமே இல்லாத குரலில், ஏதோ தொலைந்த சாமானைப் பற்றிக் கேட்கிற மாதிரி.

"அப்ப காரணம் நான் இல்லையா?"

"இல்லைங்க," என்றேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய், கொஞ்ச நேரம் கழித்து வந்தார்.

ஊசி போடும்போது அவள் அசையவே இல்லை. அதற்குப் பிறகு வந்த ஒரு மணி நேரத்தைப் போல ஒன்றை நான் வாழ்ந்ததில்லை. டாக்டர் மேசை மேல் மருந்து ஏற்றிய சிரிஞ்சு ஒன்று தயாராக இருந்தது. அதையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். இடது இமை தடித்த மாதிரி இருந்தது. தொட்டேன், இல்லை. கொட்டாவி விட்டாள், மூச்சு முட்டுகிறதோ என்று எழுந்துவிட்டேன். சுவர்க் கடிகாரத்தில் முள் நகர்கிறதா என்றே சந்தேகம் வந்தது. நடுவில் போனை எடுத்து குரூப்பில் எழுதினேன்: 'போன வருஷம் ஊசி போட்ட உடனே டாக்டர் பேச்சைக் கேட்காமல் புது சோப்பில் குளிப்பாட்டியதும் நான். அதை உங்களிடம் மறைத்ததும் நான். என் பேச்சைக் கேட்டு ஊசியை நிறுத்தியவர்கள் தயவுசெய்து டாக்டரிடம் கேளுங்கள்.' அதை அழுத்திப் பார்த்தபோது, படித்தவர்கள் வரிசையில் முதல் மாடிக்காரர் பெயர் இருந்தது.

ஒரு மணி நேரம் முடிந்தது. ஒன்றும் ஆகவில்லை. டாக்டர் அனுப்பிவைத்தார். சாயங்காலம் வரை பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னார்.

வீட்டுக் கதவைத் திறந்ததும் அவள் எங்களைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனாள். தண்ணீர் குடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். கிண்ணத்தில் சத்தம் கேட்கவில்லை. போய்ப் பார்த்தேன்.

பாத்ரூமில் குழாயடியில் நின்றுகொண்டிருந்தாள். முன்னங்கால் இரண்டையும் சேர்த்து வைத்து, தலையைக் குனிந்து, சோப்பு படாமல் இருக்கக் கண்களை இறுக மூடியிருந்தாள். ஊசி மெசேஜ் வந்ததிலிருந்து நான் பயப்படாத நாள் இல்லை. அவளுக்கு என்னிடம் கொஞ்சம்கூடப் பயம் இல்லை.

"வாடி," என்றேன். "இன்னிக்குக் குளியல் இல்ல."

அவள் வரவில்லை. தண்ணீர் விழும் என்று காத்துக்கொண்டு நின்றாள்.