காரணம் எழுதாத ஒரு மஞ்சள் பெட்டி

மருந்தகத்தின் யன்னலால் பார்த்தால் துறைமுகம் தெரியும். பத்து மணிக்குப் பிறகு தண்ணீரின் வெளிச்சம் உள்ளே வந்து கூரையில் அசைந்துகொண்டிருக்கும். அதன் கீழ் நின்று குளிசை எண்ணும்போது கட்டடமே மெல்ல மிதப்பதுபோல் இருக்கும்.

கணினி வந்த பிறகு, ஒன்றோடொன்று ஒவ்வாத மருந்துகளைப் பதிந்தால் திரையில் மஞ்சள் பெட்டி ஒன்று எழும். எச்சரிக்கைதான். ஆனால் வருடக்கணக்காக ஆபத்தில்லாமல் கொடுத்துவரும் மருந்துகளுக்கும் அது எழுந்தது. ஒரு விசையை அழுத்தினால் மறைந்துவிடும். நான் மூடும் ஒவ்வொரு பெட்டியையும் கொப்பியில் குறித்துவந்தேன்: நேரம், மருந்துகள், மூடியதற்குக் காரணம். யாரும் கேட்டதில்லை. குறிக்காவிட்டால் எனக்கு நாள் முடியாது.

அந்தப் புதன்கிழமை, உப்புவெளியில் கருவாடு காயவைக்கும் பெண் ஒருவர் கன்னம் வீங்கி வந்தார். இருதய வால்வு மாற்றியவர். இரத்தம் கட்டியாகாமலிருக்க மாதாமாதம் எங்களிடம் குளிசை எடுப்பவர். அன்று பல் வைத்தியர் எழுதிய துண்டையும் சேர்த்து நீட்டினார். பெட்டி எழுந்தது, மறைந்தது.

"சாப்பிட்ட பிறகு போடுங்கோ அக்கா" என்று பையைக் கொடுத்தேன்.

கொப்பியைத் திறந்தேன். 11.20. இரண்டு மருந்துகளின் பெயர். காரணம் என்ற இடத்தில் பேனை நின்றது. எழுத ஒன்றும் இல்லை. இரண்டும் சேர்ந்தால் உடம்புக்குள் எங்காவது இரத்தம் கசியத் தொடங்கி நிற்காமல் போகலாம். எனக்கு அது தெரியும். கணினிக்கும் தெரிந்திருந்தது. விரல் முந்திவிட்டது.

உப்புவெளிப் பேருந்துக்குத்தான் அவர் போயிருப்பார். பேருந்து நிலையத்துக்கு ஓடினேனா, நடந்தேனா, நினைவில்லை. தண்ணீருக்கடியில் போவதுபோல் தெருவில் சத்தமே இல்லை. அங்கே தேநீர்க் கடையின் மர வாங்கில் அவர் உட்கார்ந்திருந்தார். பிளேன்ரீயில் பணிஸைத் தோய்த்துக்கொண்டிருந்தார்.

"குளிசை போட்டிட்டீங்களோ?"

"எங்க மிஸ் போடுறது? சாப்பிட்டிட்டெல்லோ போடச் சொன்னீங்கள். இந்தப் பல்லோட பணிஸ் தின்ன ஏலுதே?"

பையை வாங்கி எண்ணினேன். பதினைந்து. திரும்பவும் எண்ணினேன். நான் கொடுத்த பதினைந்தும் இருந்தன. அப்போதுதான் தெருவின் சத்தம் காதுக்குத் திரும்பியது.

"கூடாத மருந்தோ?"

"நீங்கள் எடுக்கிற மற்றதோட சேரக் கூடாது. கம்பியூட்டர் சொன்னது. நான்தான் கேக்கேல்லை."

அவர் சிரிக்கப் பார்த்துக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். "எங்கட மனுசனும் அப்பிடித்தான். எல்லாத்துக்கும் கத்துவார். ஒருநாள் பாம்பு எண்டு கத்தினவர், நான் திரும்பியும் பாக்கேல்லை."

"பாம்பு இருந்ததோ?"

"ஓம், குசினிக்க. என்ர காலடியில."

திரும்பப் போய்க் கேட்டதும் பல் வைத்தியர் வேறு மருந்து எழுதினார். மருந்தகத்துக்கு வந்து அதைப் பதிந்தேன். அதற்கும் மஞ்சள் பெட்டி எழுந்தது. கைகளை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கினேன். மருந்து கொடுக்கும் யன்னலுக்கு வெளியே நின்ற அக்கா திரையைப் பார்க்கக் கழுத்தை நீட்டினார்.

"பாம்போ மிஸ்?"

"பொறுங்கோ அக்கா, பாத்திட்டுச் சொல்லுறன்."