மிளகாய் மூட்டையோடு பாம்பன் பாலத்தில்

போன தை மாதம் ஒருவருக்கு நன்றி சொல்லப் பாம்பன் போனேன். போகும்போதும் கோபம், வரும்போதும் கோபம். கோயில் விவரம் வேண்டுகிறவர்கள் வேறு யாரையாவது கேளுங்கள்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டதற்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்லிக்கொள்வேன். பாம்பனில் ரோசம்மா என்று ஒருவர். முன்பு ஆஸ்பத்திரி நர்ஸ், இப்போது வீட்டில் இளைப்புக்காரர்களுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லித் தருகிறார். எல்லோருக்கும் அவர் டீச்சரம்மா. முந்தைய வருடம் அவர் வீட்டுக் கூடத்தில் பாய் போட்டுத் தங்கிக் கற்றேன். சூடான கஞ்சியை ஊதுவதுபோல உதட்டைக் குவித்து மூச்சை வெளியே விட வேண்டும். உள்ளே இழுக்கப் பதறக் கூடாது. தோள் ஏறினால் விசிறிக் காம்பால் ஒரு போடு. ஒரு நாளும் "நல்லாச் செஞ்ச" என்றதில்லை. ஆனால் அதுவரை சுவரில் சாய்ந்தே தூங்கியவன், இப்போது படுத்துத் தூங்குகிறேன்.

முதுகுளத்தூரில் காலை ஆறு மணி பஸ். கிளம்பும்போது அய்யா, அதாவது என் அப்பா, ஒரு மூட்டை முண்டு மிளகாய் வற்றலைக் கொண்டுவந்து வைத்தார்.

"இளைப்புக்காரன் கையில மிளகாயா, அய்யா?"

"ஏலே, மூச்சுக் குடுத்த மகராசிகிட்ட வெறுங்கையோடயா போவ? நம்ம காட்டுல வெளையிறது இதான். பேசாம ஏறு."

எங்கள் பக்கம் கல்யாணத்துக்கும் மிளகாய், நன்றிக்கும் மிளகாய்.

ராமநாதபுரத்துக்கு இருபத்தைந்து மைல். அந்த ஓட்டை பஸ் இரண்டு மணி நேரம் ஆட்டியது. அங்கிருந்து ரயில். தீவுக்கு இன்னும் ரோட்டுப் பாலம் வரவில்லை. மண்டபம் ஸ்டேஷனில் ஏறிய ஒரு தடியர் மூட்டைமேல் உட்கார்ந்தார். வற்றல் நொறுங்கியது, தையல் விட்டது. வண்டி பாலத்தில் ஏறியதும் கடல்காற்று சன்னலில் புகுந்து மிளகாய்த் தூளை என் முகத்தில் வாரி அடித்தது.

நெஞ்சு அடைத்தது. இருபுறமும் கடல், வண்டியோ நத்தை.

"யா அல்லா! புள்ளைக்கு மூச்சு முட்டுது. மூட்டையத் தூக்கிக் கடல்ல போடுங்கப்பா!" என்றார் கீழக்கரைப் பெரியவர் ஒருவர்.

"முண்டு மிளகாயவா? மனசு வருமாய்யா?" என்றார் உட்கார்ந்திருந்த தடியர். எழுந்திருக்கவில்லை.

யாரோ என் முதுகில் குத்தினார்கள். கத்த வேண்டும்போல இருந்தது. கத்த மூச்சில்லை. அந்த ஆத்திரத்தில் விசிறிக் காம்பு ஞாபகம் வந்தது. தோளை இறக்கினேன். துண்டுக்குள் ஊதினேன். வெளியே. இன்னும் வெளியே. பாலம் முடியும்போது நெஞ்சில் விசில் சத்தம் அடங்கியிருந்தது.

ஸ்டேஷனிலிருந்து டீச்சரம்மா வீடு நடக்கும் தூரம். வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"இளைப்புக்காரங்க வீட்டுக்கு மிளகா மூட்டையா? எவன் குடுத்த புத்தி? அங்கன கருவாட்டுக் கொட்டகையில போட்டுட்டு வாலே!"

போட்டுவிட்டு வந்து, பாலத்தில் நடந்ததைச் சொன்னேன். இன்றைக்காவது பாராட்டுவார் என்று நின்றேன்.

"தோளு எறங்கிச்சா?"

"எறங்கிச்சு."

"பக்கத்துல நின்னு சொன்னது யாரு?"

"யாருமில்ல, டீச்சரம்மா."

"அப்புறம் இங்கன ஒனக்கு என்ன சோலி? ஒம் பாயில வேற புள்ள படுத்திருக்கு. அடுத்த வண்டியப் பிடி."

கதவைச் சாத்திவிட்டார். நன்றி சொல்லவே விடவில்லை.

இளைப்புள்ளவர்கள் தாராளமாகப் போகலாம். தலையணை கிடையாது, கொண்டு போங்கள். பாலத்தில் சன்னலோரம் வேண்டாம். மிளகாய் வேண்டவே வேண்டாம். பாராட்டு கிடைக்கும் என்று போகாதீர்கள்.

நான் அடுத்த வண்டியைப் பிடித்தேன். பாலம் ஏறியதும் அவரைத் திட்ட ஆரம்பித்தேன், வாய்விட்டு. மண்டபம் வரை நிறுத்தவில்லை. ஓரிடத்திலும் மூச்சு வாங்கவில்லை.